செல்விக்கு, பின்கியின் காலைப் பற்றி

அன்பின் செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். இங்கே நானும் சுகம். நோர்வூட் பக்கம் மழை விட்டபாடில்லை. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பீலியில் தண்ணீர் கலங்கித்தான் வருகிறது. கீழ் வீட்டு அண்ணனின் பேத்திக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, விவசாய பீடம். தோட்டமே கூடி வாழ்த்தியது. மலையில் கொழுந்தெடுத்த கையால் அவளுடைய பாட்டி எல்லாருக்கும் லட்டு கொடுத்ததைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

மற்றக் கதை பிறகு. கடைசிப் பக்கத்தில் பின்கியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை வாசித்ததிலிருந்து எனக்கு அதே நினைவு. இராத்திரியெல்லாம் முன்கால்களை நக்கிக்கொண்டே இருக்கிறாள், வெள்ளை மயிர் துரு நிறமாகிவிட்டது, பக்கத்து வீட்டார் "அது நாய்க்குப் பழக்கம், விடுங்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே, செல்வி. வெளியே போய் வந்ததும் கொஞ்ச நேரம் நக்குவது, படுக்கப் போகும்போது நக்குவது எல்லா நாய்க்கும் உள்ளதுதான். கூப்பிட்டாலும் தலை நிமிராமல், தூக்கத்தில் எழும்பி நக்குகிறது என்றால் அங்கே அரிக்கிறது, இல்லாவிட்டால் வலிக்கிறது. தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்த காலத்தில், பிள்ளை விடாமல் அழுதால் "அது பழக்கம்" என்று சொல்லிப் படுத்த தாய் ஒருத்தியையும் நான் கண்டதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு காலா இரண்டு காலா என்பது. இதை எனக்குச் சொல்லித் தந்தது இங்கே மிருக வைத்தியராக இருக்கிற ஒரு பிள்ளை. சின்ன வயசு, ஆனால் நல்ல கைப்பக்குவம். ஒரே காலை மட்டும் திடீரென்று நக்கத் தொடங்கினால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அதற்குக் குறைச்சலே இல்லை. எங்கள் கருப்பி போன மாதம் கவ்வாத்து மலைக்குள் ஓடிவிட்டு வந்து பின்காலை நக்கிக்கொண்டே கிடந்தாள். கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கத்தி போல. அவளை வாசல் இஸ்தோப்பில் படுக்க வைத்து டோர்ச் அடித்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தேன். மேலே ஒன்றுமே தெரியவில்லை. நடுவிரல் இரண்டுக்கும் இடையில், பாதத்து மெத்தைக்குச் சற்று மேலே, மயிரை ஒதுக்கியபோது பயறளவு வீக்கம், அதன் நுனியில் ஒரு சிறு துளை. நசுக்காமல் வைத்தியரிடம் கொண்டு போனேன். உள்ளேயிருந்து நகநீளச் சிராய் ஒன்று வந்தது. அந்த மாதிரிச் சிராயும் புல்விதையும் உள்ளே போனால் நின்ற இடத்தில் நிற்காதாம், தசைக்குள் மேலே மேலே நகருமாம். அதனால்தான் நாம் பிதுக்கக் கூடாது என்றார்.

அட்டையும் அப்படித்தான். மழைக்காலத்தில் விரலிடுக்கில் ஏறிக்கொள்ளும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறைய விடாத பொருள் இருப்பதால் அது விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும், பிறகு நாட்கணக்கில் அரிக்கும். நாய் அதை நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும். பிய்த்து இழுக்காமல் நகத்தை வைத்து ஓரமாகத் தள்ளி எடுத்தால் கடிவாய் சீக்கிரம் ஆறும். உண்ணியும் விரலிடுக்கைத்தான் தேடும், அது உங்கள் வத்தளையிலும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்து நாய் சோர்ந்து விழுந்தால் மீட்பது கஷ்டம். ஆகவே எந்தக் கால் என்றாலும் விரலிடுக்கைப் பார்ப்பதை விடாதே.

ஆனால் பின்கிக்கு இரண்டு முன்காலும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் முள்ளோ சிராயோ இல்லை, ஒவ்வாமை என்றுதான் எனக்குப் படுகிறது. மனிதருக்கு ஒவ்வாமை என்றால் தும்மல், மூக்கொழுகல். நாய்க்கு அது தோலில் இறங்கும். பாதம், காது, அக்குள், வயிறு, முகம், இவைதான் அதன் இடங்கள். பின்கி காதையும் அடிக்கடி சொறிகிறாளா, தலையை உதறுகிறாளா என்று பார். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இது தொடங்கும். பின்கிக்கு இரண்டு வயதில் தொடங்கியது என்கிறாய், கணக்கு ஒத்துவருகிறது. வீட்டுத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சணம், புல் பூக்கும்போது பறக்கிற மகரந்தம் எல்லாம் காரணமாகலாம். ஈரக்காற்று உள்ள இடத்தில் தூசிப்பூச்சி பெருகும். லயத்துக் காம்பராவில் சாக்கு விரித்துப் படுக்கிற நாய்க்கும் கடலோரத்தில் மெத்தையில் படுக்கிற நாய்க்கும் அதில் வித்தியாசம் இல்லை. அவளுடைய விரிப்பைக் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடு. அந்த வெயில்தான் இங்கே எங்களுக்குக் கிடைப்பதில்லை.

மயிர் துரு நிறமானதற்கு அவளுடைய எச்சில்தான் காரணம். எச்சிலிலும் கண்ணீரிலும் போர்ஃபிரின் என்றொரு பொருள் இருக்கிறது, அது பட்டுப் பட்டு வெள்ளை மயிர் சிவக்கும். கருப்பிக்கு அப்படி நடந்தாலும் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிகிறது. அந்த நிறத்தைப் பார்த்தாலே எவ்வளவு காலமாக நக்குகிறாள் என்று ஊகிக்கலாம். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கிருமியைக் கொஞ்சம் தடுக்கும் சக்தி அதில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்நேரமும் ஈரத்தில் ஊறினால் தோல் வெந்துபோகும், அந்த ஈரத்தில் மலசீசியா என்கிற ஈஸ்ட் பெருகும். பாதத்தை முகர்ந்து பார், புளித்த வாடை வந்தால் அதுதான். அது வந்த பிறகு அரிப்பு இரட்டிப்பாகும், நக்கலும் கூடும். ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்று சிலர் சலித்துப்போவது இதனால்தான். மேலே ஏறிய ஈஸ்டையும் கிருமியையும் முதலில் அடக்க வேண்டும். வைத்தியர் தோலில் டேப் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சாப்பாடும் காரணமாகலாம். மாட்டிறைச்சி, பால் வகை, கோழி, கோதுமை, இவைதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்று அந்தப் பிள்ளை அடித்துச் சொன்னார். இதுவரை சாப்பிட்டிராத ஓர் இறைச்சி, ஒரு மாச்சத்து என்று வைத்தியர் சொல்லும் சாப்பாட்டை மட்டும் எட்டு கிழமை கொடுக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி அரித்தால் தெரிந்துவிட்டது. எட்டுக் கிழமையும் பேரப்பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் போட்டாலும் எல்லாம் வீண். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வை. காரணத்தைச் சொன்னால் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள்.

காலைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு நினைவு வராமல் இருக்குமா? அந்தக் காலத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் இரத்தமே இல்லாமல் வெளுத்திருக்கும். செருப்பில்லாத காலும் மலசலகூடமில்லாத லயமும் தந்த நோய் அது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதே நம் பாட்டன்மார் அப்படி வதங்கியதைப் பார்த்துத்தான். நாய்க்கும் அதே கதைதான். ஈரமண்ணில் இருக்கிற குஞ்சுப்புழு பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போகும்போது விரலிடுக்கு சிவந்து அரிக்கும். நாய் பூனைகளில் வாழும் ஒரு வகைக்கு நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அன்சிலொஸ்டோமா சிலானிகம். 1911இல் இங்கே ஒரு மரநாயிலிருந்து எடுத்து விவரித்தது அது. மனிதருக்கும் அது வரும். ஆகவே பின்கிக்குப் பூச்சி மருந்தை நாள் தவறாமல் கொடு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அவள் கழித்தால் உடனே அள்ளிவிடு. ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே.

மருந்தடிக்கிற விஷயம் உனக்கு அங்கே பொருந்தாது, ஆனாலும் சொல்கிறேன். கிளைபோசேட் என்கிற களைநாசினியை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். களைநாசினி அடித்த மலைக்குள் நாய் ஓடினால் காலில் ஒட்டியதை நக்கி வயிற்றுக்குள் அனுப்பிக்கொள்ளும். அதனால் அடிக்கிற நாளில் கருப்பியைக் கட்டித்தான் வைக்கிறேன். உன் வீட்டில் அதற்குப் பதில் தரை துடைக்கிற மருந்து. வாசனைக்காகக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். தரை காயும் முன்னே பின்கி நடந்தால் பாதம் எரியும். தண்ணீர் கூட்டித் துடைக்கச் சொல், காய்ந்த பிறகு அவளை விடு. வெளியே போய் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை அலசி, விரலிடுக்குவரை துணியால் ஒற்றிக் காய வை. ஈரத்தோடு விட்டால் கழுவாததைவிட மோசம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். வீட்டில் இருக்கிற எதையும் பூசாதே. சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் பூசி, அதை நக்கிவிட்டு அது வாந்தி எடுத்துச் சாவதை இந்தத் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். பூசியது எல்லாம் வாய்க்குள்தான் போகும். தலைவலித் தைலமும் வேண்டாம். வலிக்கிறதே என்று பனடோலோ (பரசிட்டமோல்) ஐபுப்ரூபெனோ கொடுப்பது அதைவிட ஆபத்து. ஒன்று ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், மற்றது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எதுவும் இல்லையென்று வைத்தியர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் தனிமை, பயம், சும்மா கிடக்கிற சலிப்பு என்று யோசிக்க வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனால் பகல் முழுக்க அவள் தனியாகத்தானே இருக்கிறாள்? மணிக்கட்டின் மேல்புறத்தை ஒரே இடமாக நக்கி மயிர் உதிர்ந்து தோல் தடித்துப்போவதும் உண்டு. அப்படியொரு திட்டு தெரிந்தால் உடனே காட்டு, முற்றிய பின் ஆற்றுவது பெரும்பாடு. அங்கேயும் உள்ளே மூட்டுவலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மனசுதான் காரணம் என்று சொல்வார்கள்.

வைத்தியரிடம் போகும்போது எப்போது தொடங்கியது, மழைக்காலத்தில் கூடுகிறதா, வருஷம் முழுக்க ஒரே மாதிரியா, என்ன சாப்பிடுகிறாள், பூச்சி மருந்து கடைசியாக எப்போது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. இரவில் அவள் நக்குவதை மகனின் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள். வைத்தியசாலை மேசையில் பயத்தில் எந்த நாயும் நக்கிக் காட்டாது. ஒவ்வாமை என்று தெரிந்தால் அது ஒரேயடியாகப் போகாது, ஆயுசுக்கும் அடக்கி வைத்திருக்க வேண்டும். இப்போது அதற்கு நல்ல மாத்திரைகள் வந்திருக்கின்றன, செலவுதான் கொஞ்சம். மகன் முகம் சுளித்தால் என்னுடன் பேசச் சொல்.

சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னாய். பின்கியையும் கூட்டிவா, அவள் இஸ்தோப்பில் கருப்பியோடு இருக்கட்டும். மழை விட்டிராவிட்டால் அவளை மலைக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கு முன்னே காதைப் பார்த்து, பாதத்தை முகர்ந்து, பின்காலையும் நக்குகிறாளா என்று கவனித்து எனக்கு எழுது. நான் இங்கே அந்தப் பிள்ளையிடமும் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மகேஸ்