கொடிகளுக்கு நடுவே: சிட்னித் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிட்னித் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போண்டாய் கடற்கரைக்குப் போயிருந்தோம். மூன்று குடும்பம், புளிச்சோறு, பாய், பந்து. காவல் இருக்கும் இடத்தைக் காட்டும் கொடிகளுக்கு நடுவே கூட்டமாக இருந்ததால், தெற்கு முனையில் அலை அடங்கித் தெரிந்த பக்கம் இறங்கினோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் தங்கை மகனைத் தண்ணீர் வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. சிவப்பு மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் பலகையோடு பாய்ந்து போய் அவனைக் கரை சேர்த்தாள். "இந்த வேலையில் எத்தனை வருஷமாக இருக்கிறாய், அம்மா?" என்று கேட்டேன். இது வேலை இல்லை, வார நாட்களில் கல்லூரியில் படிக்கிறேன் என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போண்டாயில் குளிப்பவர்களைக் காப்பவர்களில் நீலச் சட்டைக்காரர்கள்தான் நகராட்சியிடம் சம்பளம் வாங்குபவர்கள். கோடைக்கால வார இறுதிகளில் சிவப்பு மஞ்சளில் நிற்பவர்கள் ஒரு காசும் வாங்காத தன்னார்வலர்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய உயிர்காப்புக் கழகத்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

ஒரு காலத்தில் சிட்னியில் பகல் வெளிச்சத்தில் கடலில் குளிப்பதே சட்டப்படி குற்றம். 1902-இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், மேன்லி கடற்கரையில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நட்டநடுப் பகலில் தண்ணீரில் இறங்கினார். தடை தளர்ந்தது, ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது, கடலின் போக்கும் தெரியாது. மூழ்கியவர்களை இழுத்து வந்தவர்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களே. 1907 ஜனவரியில் போண்டாயில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அப்படித்தான் காப்பாற்றினார்கள். அவன் பெயர் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். 1928-இல் பசிபிக் கடலை விமானத்தில் கடந்தவர் அவர்தான். நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்த சிட்னி விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அடுத்த மாதமே, 1907 பிப்ரவரியில், போண்டாய் உயிர்காப்புக் கழகம் உருவானது. முதல் கழகம் எங்களுடையதுதான் என்று பக்கத்துக் கடற்கரையான பிரான்டியும் உரிமை கொண்டாடுகிறது, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. போண்டாய்க்காரரான லைஸ்டர் ஆர்ம்ஸ்பி, தலைமுடி ஊசிகளையும் நூல் சுற்றும் கட்டையையும் வைத்து ஒரு கயிற்று உருளைக்கு மாதிரி செய்தார் என்று சொல்வார்கள். இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் நீந்திப் போவார். மூழ்குபவரை அவர் பிடித்ததும், கரையில் நிற்பவர்கள் கயிற்றைச் சுற்றி இருவரையும் இழுப்பார்கள்.

1938 பிப்ரவரி 6, இன்றும் போண்டாய்க்காரர்கள் 'கறுப்பு ஞாயிறு' என்று சொல்லும் நாள். அடுத்தடுத்து வந்த பேரலைகள் மணல்திட்டில் நின்ற சுமார் 250 பேரை ஆழத்துக்கு இழுத்துப் போயின. பயத்தில் ஆட்கள் மீட்க வந்தவர்களின் கயிற்றையே பற்றித் தொங்கினார்கள். நல்லவேளையாகக் கழகத்தின் ஆட்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் அந்நேரம் கரையில் இருந்தார்கள். ஐந்து உயிர்கள் போயின. அந்த ஐந்து வீடுகளுக்கு அது சின்ன எண் இல்லை. ஆனால் மற்ற அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உயிர்காப்பு இயக்கம் 1980 வரை பெண்களை முழு உயிர்காப்பாளர்களாக ஏற்கவில்லை. எங்கள் பையனைக் கொண்டுவந்தவள் ஒரு பெண் என்பதால் அந்த வருஷம் என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒருகாலத்தில் வேண்டாம் என்று நிறுத்தப்பட்டவர்களிடமிருந்தே இன்று இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். கடலில் குளிக்க வந்தவர்கள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொண்ட காவல் இது. இன்று நாமும் அந்தக் கடலில்தான் குளிக்கிறோம். காவலில் மட்டும் ஏன் நம் முகங்கள் இவ்வளவு குறைவு?

சங்கத்தின் கோடைச் சுற்றுலாவுக்குப் பேருந்து கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்கச் சொல்லுங்கள். அலை உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும் இடம்தான் ரிப் என்கிற இழுவை. அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். இதைத் தமிழில் சொல்லுங்கள். பாட்டி தாத்தாக்களுக்கும் புரியட்டும்.

கழகங்களில் ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு 'நிப்பர்ஸ்' என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, பெரும்பாலும் ஞாயிறு காலையில். தமிழ் வகுப்பும் அதே நேரத்தில் வைத்தால், பெற்றோர் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. கோடை மாதங்களில் மட்டுமாவது ஞாயிறு வகுப்பை மதியத்துக்கு மாற்றித் தாருங்கள்.

பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. உயிர்காப்பாளராவதற்கான வெண்கலப் பதக்கப் பயிற்சியில் சேர 400 மீட்டரை ஒன்பது நிமிஷத்துக்குள் நீந்த வேண்டும். எனக்கு இப்போது பதின்மூன்று நிமிஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் பள்ளியில் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் பெரியம்மா
மேற்கு சிட்னி