ஒரு விரலைக் காட்டிச் சிறிதா பெரிதா என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடைத்தாள்களில் மாணவர்கள் எழுதிய வேடிக்கையான பதில்களைத் தொகுத்துத் தங்கள் இதழில் ஒரு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். பதில்கள் முழுமையாக இருந்தன. கேள்விகளைச் சுருக்கிவிட்டீர்கள்; எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது எங்குமே இல்லை. இவை இரண்டும் தெரியாமல், பிழை பிள்ளையுடையதா கேள்வியுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் சிரிப்பு வந்த இடங்களில் பெரும்பாலானவை கேள்விப் பிழைகள் என்றே நான் நினைக்கிறேன்.

"'கண்ணும் கருத்துமாக' என்பதை வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்று ஒரு கேள்வி. "கண்ணும் கருத்துமாக என்று வினாத்தாளில் அச்சடித்திருக்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் என்ன குறை? எழுவாய், பயனிலை சரி. கேட்ட தொடரும் வாக்கியத்துக்குள் இருக்கிறது. பொருள் தெரிகிறதா என்று பார்க்க நினைத்தவர், அந்த நினைப்பைத் தாளில் எழுதாமல் தன் மனத்திலேயே வைத்துக்கொண்டார். "பொருள் விளங்கும்படி" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் போதும். அப்போது திருத்துபவர் கையிலும் ஓர் உரைகல் இருக்கும்: அந்தத் தொடரை எடுத்துவிட்டு வேறெந்தத் தொடரை வைத்தாலும் வாக்கியம் நிற்குமானால் பொருள் காட்டப்படவில்லை, மதிப்பெண் இல்லை.

நம் இலக்கணம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில், அதாவது மொழிப் பிழைகளில், வினா வழுவும் உண்டு, விடை வழுவும் உண்டு. சூத்திரத்தில் வினாதான் முன்னால் வருகிறது. ஒரு விரலை மட்டும் காட்டி "சிறிதா, பெரிதா?" என்று கேட்பதை வினா வழுவுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் நடத்துகிறோம். இரண்டு விரல்களைக் காட்டினால்தான் அந்தக் கேள்விக்குப் பொருளே வரும். அதை நடத்தி முடித்த கையோடு வினாத்தாளில் ஒற்றை விரலைக் காட்டுவதுதான் வருத்தம்.

முடிவை உள்ளே வைத்துக் கட்டிய கேள்விகள் இன்னும் மோசம். "கைப்பேசியால் மாணவர்கள் கெட்டுப்போவது ஏன்? மூன்று காரணங்கள் தருக." கெட்டுப்போகிறார்களா என்பதைக் கேட்கவே இல்லை, தீர்ப்பு எழுதியாகிவிட்டது, சாட்சியம் மட்டும் பாக்கி. இதற்கு, "ஒன்று, என்னிடம் கைப்பேசி இல்லை. இரண்டு, அது அம்மாவிடம் இருக்கிறது. மூன்று, ஆகவே நான் கெடவில்லை" என்று ஒரு மாணவன் எழுதினால், அவன் கேள்விக்குள் ஒளிந்திருந்த முடிவை மறுத்திருக்கிறான். நேரடியாக மறுக்க வினாத்தாளில் இடமில்லை என்பதால் வேடிக்கையாக மறுத்திருக்கிறான். இதைச் சரிசெய்வது கடினமில்லை. "கைப்பேசி படிப்புக்குத் துணையா, தடையா? உன் கருத்தை எழுதி இரண்டு காரணங்களால் நிறுவுக" என்று கேட்டு, 5 மதிப்பெண்ணில் கருத்துக்கு 1, காரணம் ஒவ்வொன்றுக்கும் 2 என்று பிரிக்கலாம். எந்தப் பக்கம் பேசினாலும் அந்த 1 மதிப்பெண் உண்டு என்பது விடைக்குறிப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாவிட்டால் திருத்துபவரின் சொந்தக் கருத்தே விடைக்குறிப்பாகிவிடும். "உனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார்?" என்ற கேள்விக்கு "இந்தத் தாளைத் திருத்துபவர்" என்று எழுதும் குழந்தை இந்த அதிகார நிலையை மிகச் சரியாகப் புரிந்துகொண்ட குழந்தை.

அபத்தமான கேள்வியை வேண்டுமென்றே கேட்பதும் உண்டு. ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. மாலுமித் தலைவரின் வயது என்ன? பிரான்சின் கிரனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இதைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். அவர்களுக்குச் சிந்திக்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. தேர்வில் கொடுத்த எண்கள் எல்லாம் பயன்பட வேண்டும், எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கும் என்று நாம் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள். 2018-இல் சீனாவில் ஐந்தாம் வகுப்புத் தாளில் இதே கேள்வி வந்தபோது, "கப்பல் ஓட்ட வயது வந்தவராக இருக்க வேண்டும், ஆகவே குறைந்தது 18" என்று ஒரு குழந்தை எழுதியது. அருமையான விடை. ஆனால் இத்தகைய கேள்வியைக் கேட்பவர் "தரவு போதாது" என்பதற்கு முழு மதிப்பெண் என்று முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். தாளின் தலைப்பிலும் "சில கணக்குகளில் தரவு போதாமல் இருக்கலாம்" என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அது சோதனை ஆகாது, பொறி.

இயற்பியலில் எல்லோரும் சிரிக்கும் பாரமானிக் (காற்றழுத்தத்தை அளக்கும் கருவி) கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இயற்பியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கலாண்ட்ரா எழுதி, 1968-இல் ஓர் இதழில் வெளிவந்த கட்டுரையால் அது பரவியது. புகழ்பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர்தான் கதையில் வரும் மாணவர் என்று சேர்த்துச் சொல்வது பின்னால் வந்த கட்டுக்கதை. பாரமானியின் உதவியால் உயர்ந்த கட்டடத்தின் உயரத்தை அறிவது எப்படி என்று கேள்வி. பாரமானியைக் கயிற்றில் கட்டி மாடியிலிருந்து இறக்கி, அந்தக் கயிற்றை அளக்கலாம் என்கிறார் மாணவர். இதைக் குறும்பு என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. எதிர்பார்த்த விடை, கீழும் மேலும் காற்றழுத்தத்தை அளந்து அந்த வேறுபாட்டால் உயரத்தைக் காண்பது. ஆனால் தரைமட்டத்துக்கு அருகே சுமார் 11 மீட்டர் ஏறினால் பாதரசம் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். 30 மீட்டர் கட்டடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்கூட வராது. அரை மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் உயரத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் பிசகும். பாரமானியை மாடியிலிருந்து கீழே போட்டு, அது விழும் நேரத்தை அளக்கும் வழியும் அப்படித்தான்: 30 மீட்டர் விழ ஏறத்தாழ 2.5 விநாடி, கைக்கடிகாரத்தில் 0.2 விநாடி தவறினால் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தவறும். கயிற்றில் பிசகு சில சென்டிமீட்டர்தான். கேட்டதற்கு ஆகத் துல்லியமான விடையைத் தந்தவருக்குச் சுழியம் போடுவது எந்த நியாயம்? "காற்றழுத்த வேறுபாட்டைக் கொண்டு" என்ற சொற்கள் கேள்வியில் இருந்திருக்க வேண்டும்.

எல்லா வேடிக்கைப் பதிலுக்கும் நான் பரிந்து பேசவில்லை. "தாவரங்கள் உணவு தயாரிக்கும் முறையை விளக்குக" என்பதற்கு "அடுப்பில்லாமல் தயாரிக்கின்றன" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அங்கே 'முறை', 'விளக்குக' இரண்டும் தெளிவாக இருக்கின்றன. தெரியாததைச் சிரிப்பால் மூடியிருக்கிறான். திருத்துபவர் பார்க்க வேண்டியது இதுதான்: கேள்வியின் சொற்களுக்கு விடை கட்டுப்பட்டிருக்கிறதா? கட்டுப்பட்டிருந்தால், நாம் எதிர்பாராத விடையானாலும் முழு மதிப்பெண்.

அச்சுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலையும் அதிகமில்லை. விடைக்குறிப்பை மூடிவைத்துவிட்டு, அந்தப் பாடத்தை நடத்தாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சொற்களை மீறாமல் ஆகக் குறும்பான விடையை அவர் எழுதட்டும். அகப்பட்ட கேள்விகளில் வினைச்சொல்லையும் நிபந்தனையையும் திருத்துங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். தேர்வு முடிந்ததும் முதல் இருபது தாள்களை மதிப்பெண் போடாமல் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு விடைக்குறிப்பை உறுதி செய்யுங்கள். ஒரே 'தவறு' பலரிடம் வந்தால் கேள்வியை மீண்டும் படிக்க வேண்டும். கேள்வியே பிழை என்று தெரிந்தால், "முயன்றவர்களுக்கு மட்டும் மதிப்பெண்" என்ற வழக்கமான அறிவிப்பு கூடாது. பிழையைக் கண்டுபிடித்து விட்டுவிட்டவர்தான் அதில் நட்டப்படுவார். எல்லோருக்கும் கொடுப்பதே சரி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் வெளியிடும்போது கேள்வியை எழுத்து மாறாமல், மதிப்பெண்ணோடு சேர்த்து அச்சிடுங்கள். கையெழுத்துப் படத்தைப் போட வேண்டாம். வகுப்புத் தோழர்கள் கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வியை எழுதியது யார் என்பது மட்டும் எப்போதும் மறைவாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
வினாத்தாள் தயாரிக்கும் ஒரு வாசகர்