பட்டங்களோடு பந்தயத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

மறைந்த ஸ்பீட்வே (மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) வீரர்களுக்கான அஞ்சலிக் குறிப்புகளில் பட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே வருகிறது. 2018 ஏப்ரலில் காலமான நியூசிலாந்தின் ஐவன் மாகர் தனிநபர் உலகப் பட்டத்தை ஆறு முறை (1968, 69, 70, 72, 77, 79) வென்றார், சரி. எதை ஓட்டி வென்றார்? மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டி, ஒரே கியர், பிரேக் கிடையவே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி திருப்ப வேண்டும். நாலே சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம்! புறப்படும் இடத்தில் குறுக்கே கட்டிய நாடா மேலெழும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தூக்கிவிடும். தயங்கினாலோ முன்னே போகிறவர் வாரியிறைக்கும் மண் கண்ணாடியை மூடும். மாகர் பேர் வாங்கியது அந்தப் புறப்பாட்டில்தான். 1970இல் வென்ற வண்டிக்குத் தங்கமுலாம் பூசிய கதையை மட்டும் யாரும் விடுவதில்லை.

- ஒரு வாசகர்