அப்பா வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம்

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்
தை மாதம், 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். அங்கே அப்பா, அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அப்பாவின் மாருதி 800-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். லைன் விட்டு விட்டு வந்தது, பிள்ளைகள் சத்தம் வேறு, சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் இருப்பது காருக்கே பேர்போன ஊர். ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கிய ஹைலண்ட் பார்க் இங்கே பக்கத்தில்தான். நம்மூர் ஜங்ஷனில் போய் நின்றால் எந்த ஊருக்கும் பஸ் கிடைக்கும். இங்கே கார் இல்லாவிட்டால் பால் வாங்கப் போவதுகூடப் பெரிய பாடு. இப்படிப்பட்ட ஊரில் எல்லாரும் புதுக் காரில்தான் போவார்கள் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். அப்படி இல்லை, அண்ணே. அமெரிக்கா முழுக்க ஓடுகிற கார், பிக்கப் வண்டிகளின் சராசரி வயது 2025 கணக்குப்படி 12.8 வருஷம். புதுக் காரின் சராசரி விலை 50,000 டாலரை ஒட்டி வந்துவிட்டது, கடனை ஆறு ஏழு வருஷத்துக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். அதனால் பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதில் இங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது.

எங்கள் வண்டி 2006 மாடல் டொயோட்டா கொரோலா. மீட்டரில் 2,30,000 மைல், நம் கணக்கில் 3,70,000 கிலோமீட்டர். கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதனால் பெட்ரோல் போடும்போது ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மற்றபடி இந்தப் பனியிலும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது.

இங்கே பழைய வண்டிக்கு எமன் உப்புதான். ரோட்டில் பனி உறையாமல் இருக்க லாரி லாரியாகக் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது, அங்கிருந்தும் எடுக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளப் பாதையில் போய்வந்த வண்டிகளின் அடித்தகடு என்ன கதி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே நாலைந்து மாசம் தினமும் அதே கதி. எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்கிற நிலையில் இருக்கும், ஆனால் கதவுக்குக் கீழே உள்ள பாடியும் பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாயும் அரித்துப் போயிருக்கும். அதற்காகக் குளிர் தொடங்கும் முன்பே, இலை உதிர்காலத்திலேயே அடியில் எண்ணெய்ப் பூச்சு அடித்துவிடுவோம். குளிரில் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற இடத்துக்கு அடிக்கடி கொண்டுபோவோம்.

அப்பாவின் வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பாளையங்கோட்டையில் போர்ட்டிகோவுக்குள் நின்ற வண்டி. கடற்கரைப் பக்கம் போவதே திருச்செந்தூருக்கு எப்போதாவது ஒரு தடவை. போன தடவை நான் வந்தபோது குனிந்து அடியில் பார்த்தேன், தகடு கெட்டியாக இருந்தது. இங்கே அப்படி ஒரு அடித்தகடு உள்ள 15 வருஷத்து வண்டி கிடைத்தால் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். பாடி நன்றாக இருக்கிற வண்டிக்கு மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம். பாடி போன வண்டிக்கு என்ன செலவு செய்தும் பிரயோஜனம் இல்லை. வயதை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே ஒர்க்‌ஷாப்பில் கூலி மட்டும் மணிக்கு 150 டாலர் வரை கேட்கிறார்கள். அதனால் நிறையப் பேர் தாங்களே செய்துகொள்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் கோவில்பட்டிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த அண்ணன் சனிக்கிழமை ஆனால் வெள்ளனே ஜாக்கி போட்டு ஏதாவது ஒரு வண்டியைத் தூக்கிவிடுவார். பிரேக் பேட் மாற்ற, ஆயில் மாற்ற, லிங்க் ராடு போட எல்லாம் அவரிடம்தான் கற்றேன். பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிற மைதானங்கள் இங்கே உண்டு. வாசலில் இரண்டு மூன்று டாலர் கட்டிவிட்டு நம் ஸ்பேனரோடு உள்ளே போய், வேண்டிய பார்ட்டை நாமே கழற்றி எடுத்துவந்து காசு கொடுக்கலாம். நம்மூர்ப் பழைய இரும்புக் கடையைப் பத்து ஏக்கரில் பார்த்த மாதிரி இருக்கும். கொரோலாவின் ஒரு பக்கத்துக் கண்ணாடியும் ஆல்டர்னேட்டரும் அங்கே கழற்றியவைதான்.

இந்த நாட்டில் இர்வ் கோர்டன் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார் இருந்தார். நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்ட். 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-ல் 30 லட்சம் மைலுக்குக் கொண்டுபோனார். ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்திலும் வந்தார். எஞ்சினை ஓரிரு தடவை பிரித்துப் பார்த்தது உண்டு, மற்றபடி அவர் செய்தது சாதாரண வேலைதான்: ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றினார், சின்னச் சத்தம் கேட்டாலும் உடனே பார்த்தார். அப்பாவும் பெட்ரோல் கணக்கு, ஆயில் கணக்கு எல்லாம் அந்த நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த நோட்டு வண்டிக்கு ஜாதகம் மாதிரி. அதைப் பத்திரமாக வையுங்கள்.

இனி நம் வண்டிக்கு வருகிறேன். 15 வருஷமானால் ஸ்கிராப்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். பெட்ரோல் 15, டீசல் 10 என்ற அந்தப் பேச்சு டெல்லிப் பக்கத்து விஷயம். நம்மூரில் சொந்த உபயோகக் கார் என்றால் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றினார்கள், பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்றைய ரேட்டை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வைகாசியில்தான் தவணை, இப்போதே வேலையைத் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

வண்ணாரப்பேட்டை ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பட்டை. எங்கள் கொரோலாவில் செயின், 800-இல் ரப்பர் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியது. வண்டி அதிகம் ஓடாமல் நின்றாலும் வருஷக் கணக்கில் வெடித்துப் போகும், அறுந்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். பெல்ட்டைக் கழற்றுகிற கையோடு வாட்டர் பம்ப்பையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பது இதுதான். நம்மூர் வெயிலுக்கு இது வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிடுகிற வழக்கம் உண்டு. தயவுசெய்து அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கிற ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும், மைலேஜ் குறையும். வண்டி சூடாகிறது என்றால் குற்றம் ரேடியேட்டரிலோ, ஃபேனிலோ, அடைப்பிலோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, தாமிரபரணித் தண்ணீராக இருந்தாலும் வேண்டாம். எஞ்சின் ஹெட் அலுமினியம், அரித்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்துப் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஆக்ஸில் பூட், ஹோஸ், புஷ் எல்லாம் ரப்பர், வெயிலில் காய்ந்திருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள். பார்ட்ஸ் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். சென்னையில் 2010-லேயே 800 விற்பதை நிறுத்தினாலும் நம் பக்கம் 2014 வரை விற்றார்கள். அதே 796 சிசி எஞ்சின்தான் ஆம்னியிலும், ஆம்னி 2019 வரை வந்தது. ஒரிஜினல் பார்ட்ஸ் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதம் சுமார் 10,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 6,20,000-க்கு மேல் போகும், இன்சூரன்ஸ் தனி. நான் மேலே எழுதிய வேலைகளோடு நாலு டயர், கிளட்ச், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்தாலும் நாலைந்து மாதத் தவணைப் பணத்துக்குள் முடிந்துவிடும். பெரியவளின் காலேஜ் ஃபீஸ் வருகிற நேரத்தில் உங்கள் தலையில் அந்தக் கடன் ஏற வேண்டாம் என்பதுதான் என் கவலை.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 800-இல் ஏர்பேக் கிடையாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. நாலுவழிச் சாலையில் மதுரைக்கு நூறில் விரட்டுகிற வண்டி அது இல்லை. பிள்ளைகளோடு தூரம் போவதென்றால் ரயிலில் போங்கள், இல்லை வாடகைக்கு நல்ல வண்டி எடுங்கள். டவுனுக்கு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு, அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக்கு, அதற்கெல்லாம் அப்பா வண்டி தாராளமாகப் போதும். அண்ணாச்சி லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, அடித்தகடோ சேசிஸோ அரித்திருக்கிறது என்று சொன்னால் நான் மறு பேச்சுப் பேச மாட்டேன், கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எஞ்சின் ரூமையும் நாலு வீல் ஆர்ச்சையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. பெல்ட்டுக்கும் கூலிக்கும் ஆகிற பணத்தை நான் போடுகிறேன், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மதினியிடம் பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை