ஓட்டிப் பார்த்த பின்பே விலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நெடும்பயணத்துக்கெனப் பழைய பாய்மரப் படகு வாங்குவோர் பலர், நீளம், எடை, பாய்ப்பரப்பு ஆகியவற்றைக் கொண்டு போடும் கணக்குகளையே நம்பிவிடுகிறார்கள். 1979ஆம் ஆண்டு, பிரிட்டனிலிருந்து புறப்படும் பாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்த பின் பரவிய கவிழ்வுக் கணக்கு, படகின் அகலத்தை அடிக்கணக்கில் எடுத்து, அது விலக்கும் நீரின் கன அடி அளவின் கனமூலத்தால் வகுக்கிறது; விடை 2க்குக் குறைந்தால் நல்லதாம். எடை கீழே, படகின் அடியில் நீருக்குள் நீளும் கீலில் உள்ளதா, மேலே உள்ளதா என்று அது கேட்பதே இல்லை. அப்பந்தயத்தின் மிகச் சிறிய பிரிவில் ஓட்டத்தை முடித்த ஒரே படகு, குறுகிய உடலும் கனத்த கீலும் கொண்ட காண்டெஸா 32 வகையைச் சேர்ந்தது.

ஆகவே நல்ல காற்றுள்ள நாளில் ஓட்டிப் பார்ப்பதே முறை. காற்றில்லாத நாளின் சோதனை ஏறக்குறைய வீண். காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும்போது சுக்கானை விட்டால், படகு காற்றை நோக்கி மெல்லத் திரும்ப வேண்டும். இரு கைகளாலும் இழுத்துப் பிடிக்க நேர்ந்தால், உடலமைப்பைக் குறை கூறுமுன் தொய்ந்த பழைய பாய்களையும் பாய்மரத்தின் சாய்வையும் பார்க்க வேண்டும். முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, சுக்கானைக் கட்டி, படகு அமைதியாக நிற்கிறதா என்பதையும் சோதிக்கலாம்; இருவர் மட்டும் செல்லும் பயணத்தில் வேகத்தைவிட இதுவே பயன்படும். நீண்ட கீல் படகுகள் இயந்திரத்தால் பின்னோக்கிச் செல்கையில் சுக்கானுக்குச் சரியாகக் கட்டுப்படா என்பதால், துறைமுகத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இச்சோதனைக்கு இணங்காத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்