ஏற்றுமதியாகும் குதிரைகள் இறைச்சிக்கு அறுக்கப்படாமல் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாண்புமிகு தேசிய வளர்ச்சி அமைச்சர் அவர்கள், சிங்கப்பூர்.

அனுப்புநர்: ஈசூன்வாசி ஒருவர், குதிரை லாயப் பணியாளரின் மகன்.

பொருள்: சிங்கப்பூரிலிருந்து வெளிநாடு போகும் குதிரைகளுக்கு ஏற்றுமதி நிபந்தனை விதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா 30 ஆண்டு சைஸ் வேலை, அதாவது பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை, பார்த்தவர். முதலில் புக்கிட் தீமாவில், 1999இல் குதிரைப் பந்தயத் திடல் இடம் மாறிய பிறகு கிராஞ்சியில். குதிரைகளின் பெயர் அவருக்கு மறந்துபோகும், தோளில் போட்ட சூட்டுக்குறி மறக்காது. ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு அங்கே எண்மேல் எண் இருக்கும். கீழே உள்ளது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். ஒரு சிறிய நோட்டில் அவற்றை எழுதி வைத்திருந்தார்.

அவர் நான்கு ஆண்டு குளிப்பாட்டித் தீனி வைத்த ஒரு குதிரை, முன்னங்கால் தசைநார் வீங்கி ஓட முடியாமல் போனது. ஒருநாள் காலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எங்கே போகிறது என்று கேட்டாராம். "வெளியூருக்கு" என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி முடிந்தது. நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் வர வேண்டும். வீடு கட்ட இடம் வேண்டும், சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஃபேரர் பார்க்கில் குதிரை ஓடிய காலமும் இப்படித்தான் போனது. இன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறிக்குத்தான் வரிசை. என் கவலை, மலேசியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போன குதிரைகளைப் பற்றியது. பந்தயக் குதிரைக்கு ஏழெட்டு வயதிலேயே ஓட்டம் முடிந்துவிடும். ஆயுசோ 25 ஆண்டுக்கு மேல். ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போகப் போக, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆளில்லை. குயின்ஸ்லாந்தில் பந்தயக் குதிரைகள் அறுப்புக்கூடத்துக்குப் போனதை 2019இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டியது. அவ்வளவு பெரிய பந்தய நாட்டிலேயே அப்படி.

ஜப்பானிலும் கஸக்ஸ்தானிலும் குதிரை இறைச்சி சாப்பிடுகிறார்கள். நானும் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன்தான். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்க வரவில்லை. ஆனால் பந்தயக் குதிரை உணவுக்காக வளர்ந்ததல்ல. அதற்கு வலி குறைய ஃபெனில்பியூட்டசோன் கொடுப்பார்கள். லாயத்தில் சுருக்கமாக 'பியூட்' என்பார்கள். மனிதர் உடம்பில் அது ரத்தம் ஊறுவதையே கெடுக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மருந்து கொடுத்த குதிரையின் பாஸ்போர்ட்டில், அதாவது அதன் அடையாள ஆவணத்தில், உணவுக்கு ஆகாது என்று எழுதிவிடுவார்கள். எழுதினால் எழுதியதுதான், பிறகு யாரும் மாற்ற முடியாது. பிரிட்டனும் 2024இல், அறுப்பதற்காகக் குதிரைகளை உயிரோடு ஏற்றுமதி செய்வதைச் சட்டம் போட்டு நிறுத்தியது.

ஆகவே, தங்கள் அமைச்சின்கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குதிரையின் தாளிலும் "உணவுக்காக அல்ல" என்று பதிய வேண்டும். வாங்குபவர் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்; மறுபடி விற்றாலோ குதிரை இறந்தாலோ தெரிவிக்க வேண்டும். கழுத்தில் இருக்கும் மின்சில்லின் எண்ணைக் கொண்டு இதைத் தொடரலாம். கிராஞ்சியிலிருந்து ஏற்கெனவே போன குதிரைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் விசாரித்து வெளியிடக் கோருகிறேன்.

இடம் கிடைக்காத கிழட்டுக் குதிரை ஒன்று இருக்கிறதா? இங்கேயே கால்நடை மருத்துவர் ஊசி போட்டு உறங்க வைக்கட்டும், பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர் நிற்கட்டும். தெரியாத ஊரில் அறுப்புக்கூட வரிசையில் நிற்பதைவிட அது மேல் என்றுதான் அப்பா சொல்லியிருப்பார்.

அவர் இப்போது இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. சூட்டுக்குறி எண்கள் உள்ள பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். அதிகாரிகள் அழைத்தால் நோட்டையே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்