சான்சிபார் வழிகாட்டிகளே, ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

சான்சிபாரில் ஒருநாள் சுற்றுலா நடத்தும் வழிகாட்டிகளுக்கும், படகோட்டிகளுக்கும், முகவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் மூத்தவர்களுக்கு, சுவாஹிலியில் பெரியவர்களை வணங்கும் உங்கள் வார்த்தையிலேயே, ஷிகமோ.

நான் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் பல வருடமாகக் குடியிருக்கும் தமிழன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கப்பலேறி உங்கள் தீவுக்குக் கூட்டிவருவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு மணி நேரத்தில் பழைய நகரமான ஸ்டோன் டவுனின் வெள்ளைச் சுவர்கள் தெரிய ஆரம்பிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. 2023இல் ஐஐடி மெட்ராஸ் அங்கே வளாகம் திறந்த பிறகு, பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் சிலரும் என்னிடம் கேட்கிறார்கள்: “ஒரு நாள்தான் இருக்கு, எங்கே போகலாம்?” இதுவரை அவர்களை உங்களிடம்தான் அனுப்பினேன். இனியும் அனுப்ப ஆசை. அதனால்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் என் தங்கை குடும்பம் வந்தது. விடியற்காலை தெற்குக் கரை ஊரான கிசிம்காசியில் டால்பின், அப்புறம் ஜோசானிக் காடு, மத்தியானம் மசாலாத் தோட்டம், சாயங்காலம் ஸ்டோன் டவுன். நாலும் ஒரே நாளில், ஒரே விலையில். கேட்க லாபமாக இருந்தது. நானும் சரி என்றுதான் சொன்னேன், அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கிசிம்காசி திம்பானிக் கரையில் படகேறினோம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்தது. அவ்வளவுதான், சுற்றியிருந்த பத்துப் படகும் ஒரே பக்கம் திரும்பின. எல்லா இன்ஜினும் சேர்ந்து உறுமின. “ரூக்கா! ரூக்கா!” என்று எங்கள் படகோட்டி கத்தினார். குதி, குதி. என் தங்கை மகள், பன்னிரண்டு வயது, முகமூடியைச் சரியாக மாட்டுவதற்குள் குதித்துவிட்டாள். டீசல் வாடை வீசும் தண்ணீரை இரண்டு வாய் குடித்தாள். அதற்குள் டால்பின்கள் மூழ்கித் தள்ளிப்போய் எழுந்தன. அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படகு மறுபடி பறந்தது. இப்படி நாலு தடவை. கடைசி தடவை, பெரியதன் விலாவை ஒட்டி ஒரு குட்டி நீந்துவதைப் பார்த்தேன். குழந்தை துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டாள்: “மாமா, அது நம்மளப் பாத்துப் பயந்து ஓடுதா?”

ஆமாம், ஓடத்தான் செய்கிறது. படகுகள் நெருங்கினால் டால்பின்கள் ஓய்வெடுப்பதும் கூடி இருப்பதும் குறைந்து, விலகி நீந்துவது கூடுகிறது என்று உங்கள் தெற்குக் கடலிலேயே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். இதே கடலில் ஒரு காலத்தில் சுறாவுக்கு இரையாக டால்பினை வேட்டையாடினார்கள். 1990களில் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு அந்த வேட்டை நின்றது. உங்கள் ஊர் மீனவர்கள் செய்த பெரிய காரியம் அது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இன்றைய துரத்தலைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு தடவை வயதான படகோட்டி ஒருவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். யாரையும் குதிக்க விடவில்லை. முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை, வெயில் ஏறியது. அப்புறம் ஐந்தாறு டால்பின்கள் தாமாகவே படகை உரசுகிற மாதிரி வந்து, மூச்சு விடும் சத்தம் காதில் விழ, கடந்து போயின. என்னோடு வந்தவர்கள் இன்னும் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சரி, டால்பின் கதை அது. என் பெரிய வருத்தம் கரையில் நடந்தது. படகு வந்து நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே மெக்காவை நோக்கிய கிப்லாச் சுவரில், பவளக் கல்லில், பூவும் கொடியும் போல நீளும் கூஃபி என்ற பழைய அரபு எழுத்துகளில் ஒரு கல்வெட்டு: ஹிஜ்ரி 500, அதாவது 1107. கட்டடத்தைப் பின்னால் புதுப்பித்திருக்கிறார்கள், ஆனால் எழுத்து பழையது. போர்த்துக்கீசியர் வருவதற்கு நானூறு வருடம் முன்னாலேயே, ஓமான் சுல்தான்களுக்கு வெகு காலம் முன்னாலேயே, இந்தக் கரையில் சுவாஹிலி மக்கள் கல்லில் தொழுகையிடம் கட்டினார்கள் என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சி. இதைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன். எங்கள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஜோசானிக்குப் பத்து மணிக்குப் போகணும்.” வேன் கிளம்பிவிட்டது.

ஜோசானியில் நாற்பது நிமிடம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத சிவப்புக் கொலோபஸ் குரங்கை ஒரு படம் எடுத்ததோடு சரி. அந்தக் காட்டுச் சாலையில் வேகத்தடைகள் போட்டதே வண்டியில் அடிபட்டுக் குரங்குகள் செத்ததால்தான். எங்கள் வேன் அந்தத் தடைகளின் மேலும் குதித்துக் குதித்துத்தான் போனது.

மசாலாத் தோட்டத்தில் ஓலைத் தொப்பி கிடைத்தது. மரத்திலிருந்து பறித்த கிராம்பு மொட்டைத் தங்கை கையில் வைத்தார்கள். பிரியாணியில் கிடக்கும் கறுப்பு ஆணியைத்தான் அவளுக்குத் தெரியும். பச்சையும் இளஞ்சிவப்புமாக, நகத்தால் கீறியதும் மணந்த அந்த மொட்டைப் பார்த்து அசந்துபோனாள். “இதையெல்லாம் யார் நட்டது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவை ஆண்ட ஓமான் சுல்தான் சையித் காலத்தில் பெருகிய இந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அதே மக்கள் விற்கப்பட்ட சந்தை இருந்த இடத்துக்குத்தான் அன்று சாயங்காலம் போனோம்: ஸ்டோன் டவுனின் ம்குனாசினிப் பகுதியில், 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தையின் மேல் எழுப்பிய ஆங்கிலிக்கத் தேவாலயம். வெளியே குழிக்குள் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் ஐந்து சிலைகள். அந்தத் தோட்டமும் இந்தக் குழியும் ஒரே கதை என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. பத்து நிமிடத்தில் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை குழியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றாள்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. என்னைவிட நூறு மடங்கு தெரியும். ஸ்டோன் டவுனில் வீட்டுக்கு முன்னால் கட்டியிருக்கும் பராஸாவில், எங்கள் ஊர்த் திண்ணை மாதிரியே இருக்கும் அதில், சின்னக் கோப்பைக் கஹவாக் காப்பியோடு உட்கார்ந்தால் நீங்கள் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும். வேனுக்குள் ஏறியதும் அந்தப் பேச்சு எங்கே போகிறது? “ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா” என்பது உங்கள் வாக்கு. பதறாத காரியம் சிதறாது என்போம் நாங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். பேரம் பேசுகிறார்கள். ஓர் இடம் குறைத்தால் அடுத்த தெரு முகவர் ஐந்து இடம் காட்டுகிறேன் என்கிறார். இடையில் கமிஷன் போனது போக வழிகாட்டியின் கைக்கு வருவது கொஞ்சம். படகோட்டிக்கு அன்றைய டீசல் காசாவது தேற வேண்டும். எனவே விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாலு இடத்துக்கு வாங்குகிற காசையே ஓர் இடத்துக்கு வாங்குங்கள், தருகிறோம். உங்கள் விலைப்பலகையில் முதல் வரியாக அதை எழுதுங்கள்: கிசிம்காசி, ஒரு முழு நாள். பள்ளிவாசல், டால்பின் இருந்தால் தூரத்திலிருந்து, இல்லாவிட்டால் இல்லை, ஊருக்குள் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கடல் வற்றும்போது பெண்கள் ஆக்டோபஸ் தேடிப் போகும் நேரம் வாய்த்தால் அவர்கள் சம்மதத்தோடு கூடப் போகலாம். சமைக்கும் அம்மாவுக்கும் பள்ளிவாசலைத் திறந்துவிடும் பெரியவருக்கும் அந்தக் காசில் பங்கு போகட்டும். இன்னொரு நாள் கிராம்புத் தோட்டமும் ம்குனாசினியும் மட்டும், ஒன்றின் பின் ஒன்றாக, ஒரே கதையாக.

படகோட்டிகளிடம் தனியாக ஒன்று. குட்டியோடு இருக்கும் கூட்டத்தின் நடுவே யாரையும் குதிக்கச் சொல்லாதீர்கள். இரண்டு படகு ஏற்கெனவே நின்றால் மூன்றாவதாகப் போகாமல் காத்திருங்கள். நாங்கள் அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள், கோபப்பட மாட்டோம்.

வரும் ஜூலையில் என் அக்கா வருகிறார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஆனால் பழைய கல்வெட்டு என்றால் சோறு வேண்டாம். மக்குண்டுச்சி ஊரில் ம்வாக்கா கோக்வா என்ற புத்தாண்டு விழா நடக்கும் சமயம், தெற்கே வழியெல்லாம் கலகலப்பாக இருக்கும். எங்களுக்குக் கிசிம்காசி மட்டும் போதும். காலை ஏழு மணிக்கு, சூரியன் எழுவதிலிருந்து எண்ணும் உங்கள் கணக்கில் சா மோஜாவுக்கு, வேனை அனுப்புங்கள். திரும்பும் நேரம் கேட்க மாட்டோம். உங்களில் யார் கூட்டிப்போகிறீர்கள்?

அன்புடன்,
டார் எஸ் சலாமிலிருந்து ஒரு தமிழ் விருந்தாளி